பரணில் கிடக்கும் பாதித் தையல்: முடிப்பதா, சுருக்குவதா, பிரிப்பதா, கொடுத்துவிடுவதா?

போகிக்கு முந்தின வாரம் வட சென்னை வீடுகளில் பரண் காலியாகும். தகரப் பெட்டி, பழைய சூட்கேஸ், ஜவுளிக்கடைப் பை என்று இறங்குகிற சாமான்களில் ஏதாவது ஒன்றில் பாதியில் நின்ற தையல் இருக்கும். எம்பிராய்டரி வளையத்தோடு கிடக்கும் மயில், ஒரு மூலையில் மட்டும் பூத்த தலையணை உறை, சதுரம் சதுரமாக வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்த ஒட்டுத்துணி. பத்தாவது, பன்னிரண்டாவது லீவில் தையல் வகுப்புக்குப் போனவர்கள் வீட்டில் இது இல்லாமல் இருக்காது. ஏன் நின்றது என்று கேட்கவே வேண்டாம். கல்யாணம், குழந்தை, வேலை, வீடு மாற்றம்.

இப்போது பிள்ளைகள் வளர்ந்து கை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் விட்ட குறை தொட்ட குறையாக அது மறுபடி எதிரே வந்து நிற்கிறது. "முடிச்சிடவா அக்கா, இல்ல தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன்: இதுவரை போட்ட வேலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மிச்ச வேலையைப் பாருங்கள். "இவ்வளவு போட்டாச்சே" என்ற எண்ணம்தான் அந்தத் துணியை இத்தனை வருடம் பரணிலேயே வைத்திருந்தது.

## முதலில் எதையெல்லாம் பார்ப்பது

துணியின் உயிர். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்து வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சர்ரென்று இழை விட்டால் அந்தத் துணியில் மேற்கொண்டு ஊசி போடுவது வீண் வேலை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்று வேறு. குத்தியபடியே விட்ட ஊசி துருப்பிடித்து, சுற்றிலும் காபிக் கறை மாதிரி ஒரு வட்டம் போட்டிருக்கும். வளையத்தின் திருகு பட்ட இடத்திலும் அதே கதைதான்.

வெள்ளைப் பருத்தியில் துரு என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காட்டி, பிறகு நன்றாக அலசுங்கள். பெரும்பாலும் வெளுத்துவிடும். வண்ணத் துணியில் எலுமிச்சை நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடக்கூடும் என்பதால் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், துருக்கறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வளையம் அழுத்திய அழுக்கு வட்டம் மட்டும்தான் என்றால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலே அநேகமாகப் போய்விடும்.

ஊறவைக்கும் முன் சாயத்தைப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு, மெரூன், கருநீல நூல்களின் மேல் கொஞ்ச நேரம் அழுத்தி எடுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வாளியில் போடக் கூடாது. ஆங்கர் மாதிரி பருத்தி நூல்கள் பெரும்பாலும் சாயம் விடுவதில்லை. பட்டு நூல் என்று சொல்லி விற்ற ரேயான் நூலை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று: துவைத்து, வரைந்த கோடு போனது உறுதியாகும்வரை இஸ்திரி போடாதீர்கள். தண்ணீரில் போகும் நீலப் பேனாக் கோடு சூடு பட்டால் போகாமலே தங்கிவிடலாம்.

மிச்ச வேலை. இதை மனக்கணக்காகப் போட்டால் தப்பாகத்தான் வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைத்துவிட்டு, அதை வைத்து மிச்சத்தைக் கணக்கிடுங்கள். கட்டம் கட்டமாகப் பெருக்கல் குறி போல் போடும் கிராஸ் ஸ்டிட்ச் என்றால் கணக்கு சுலபம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஆய்டா துணியில் 8க்கு 10 அங்குலப் படம் என்றால் 112 பெருக்கல் 140, அதாவது 15,680 தையல். மணிக்கு நூறு போட்டாலும் முழுப்படத்துக்கு ஏறக்குறைய 157 மணி நேரம். பாதி முடிந்திருக்கிறது என்று வைத்தாலும், ராத்திரி அரை மணி நேரம் கிடைக்கிறவருக்கு மிச்சம் ஐந்து மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஐந்து மாதம் பரவாயில்லை என்று தோன்றினால் சரி. அப்படித் தோன்றாவிட்டால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நூலும் துணியும் கிடைக்குமா. நூல்கண்டின் காகிதப் பட்டையில் எண் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனாலும் ஒரே எண்ணில் பழைய கண்டும் புதுக் கண்டும் ஒரு சாயை மாறி வரலாம், ஒவ்வொரு முறை சாயம் தோய்க்கும்போதும் நிறம் இம்மி மாறும். துணி விஷயத்தில் நிலைமை இன்னும் கடினம். பழைய பெட்டிகளில் பின்னி மில் துணி இருப்பதுண்டு. பெரம்பூர்ப் பக்கம் இருந்த அந்த ஆலையை 1996-இல் மூடிவிட்டார்கள். அதே துணிக்கு எங்கே போவது? அது தீர்ந்துவிட்டது என்றால் தீர்ந்ததுதான்.

கண்ணும் கையும். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். இருபது வயதில் தொடங்கிய 14 கட்ட ஆய்டாவில் இப்போது கட்டமே தெரியாது. படிக்கிற கண்ணாடி போட்டால் தெரியும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுத்து ஒத்துழைக்காது.

யாருக்காக, எதற்காக. குழந்தைக்கென்று ஆரம்பித்த போர்வை, குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறது. டிவி மேல் போட என்று மயில் போட்ட துணி, டிவி இப்போது சுவரில் தொங்குகிறது. பண்டத்துக்கு வேலையே இல்லை என்றால் அதைச் சொன்னபடி முடிப்பதில் அர்த்தமில்லை. தையல் நன்றாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

இடம். எம்பிராய்டரிக்கு மடி போதும். போர்வைக்குத் தரை வேண்டும். கொருக்குப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒற்றை அறை வீட்டில் ஐந்தடிக்கு ஏழரையடித் துணியை, மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்காக விரித்துச் சுருக்கமில்லாமல் ஓட்டுத்தையல் போட எங்கே இடம்? மொட்டை மாடி என்றால் வெயிலுக்கும் காற்றுக்கும் முன்பு விடியற்காலையில் முடிக்க வேண்டும். மணலி, எண்ணூர் பக்கம் மாடித் தரையை நன்றாகத் துடைக்காமல் வெள்ளைத் துணியை விரிக்கவே முடியாது, அத்தனை கரித்தூசி.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | கண்ணில் படாத செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| நினைத்தபடியே முடிப்பது | மிச்சம் குறைவு, துணி நன்றாக இருக்கிறது, பண்டத்துக்கு உபயோகம் உண்டு | கண்ணாடி, விளக்கு, பொருந்தாத நூல் | நூல் கிடைக்காது, தைக்கிற கையின் இறுக்கம் மாறிவிட்டது |
| சுருக்கி முடிப்பது | பாதிக்குக் குறைவாக முடிந்த போர்வை, ஒரு பக்கம் மட்டும் முடிந்த எம்பிராய்டரி | லைனிங், ஜிப், தையல் கூலி | துணி நைந்துவிட்டது |
| வேறு கையில் கொடுப்பது | இணைப்பு, பட்டை, ஓரம் மட்டும் மிச்சம் | கை வித்தியாசம், காத்திருப்பு | பூவே பாதியில் நிற்கிறது |
| பிரித்து எடுப்பது | துணியோ மணியோ கிடைக்காத சரக்கு | நேரம், ஊசித் துளை, கார்பன் தடம் | பட்டு, மெல்லிய துணி |
| கைமாற்றுவது | ஆசையே போய்விட்டது | ஏறக்குறைய இல்லை | பெட்டியில் உள்ளது அம்மா போட்ட தையல் |

## நினைத்தபடியே முடிப்பது

எல்லோருக்கும் முதலில் மனம் போவது இதில்தான். மிச்சம் கால்வாசிக்குக் கீழ் இருந்து, துணியும் நூலும் சரியாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

இதில் மாட்டுகிற இடம் கை வித்தியாசம். இருபது வருடத்துக்கு முன் நீங்கள் நூலை இழுத்த இறுக்கம் வேறு, இன்று இழுக்கிற இறுக்கம் வேறு. அதனால் ஊசியை எடுப்பதற்கு முன் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எத்தனை இழை போட்டிருக்கிறீர்கள், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை வெட்டினீர்களா அல்லது பின்னாலேயே கொண்டுபோனீர்களா, முடிச்சுப் போட்டீர்களா, நூல் முனையைத் தையலுக்குள் நுழைத்தீர்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். பத்தில் எட்டுப் பேர் வீட்டுத் துணியில் காம்பு இரண்டு இழையிலும் இலை மூன்று இழையிலும் இருக்கும், போட்டவருக்கே அது ஞாபகம் இருக்காது. பிறகு ஒரு வேஸ்ட் துணியில் அதே பூவை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு அசல் துணிக்கு வாருங்கள்.

பாதி இதழில் நிற்கிற இடத்திலிருந்து தொடராதீர்கள். அந்த இதழை மட்டும் பிரித்துவிட்டு முழுதாகப் புதிதாகப் போடுங்கள், அல்லது புதுப் பூ ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய கையும் புதுக் கையும் ஒரே இதழுக்குள் சந்தித்தால் யார் பார்த்தாலும் தெரியும். இரண்டு பூவுக்கு நடுவே சந்தித்தால் ஒருவருக்கும் தெரியாது.

நூலுக்கும் இதே தந்திரம்தான். புதுக் கண்டு ஒரு சாயை மாறினால் அதை ஒரே இடத்தில் சேர்த்துப் போடாமல், பழைய நூலில் ஓர் இழையும் புதியதில் ஓர் இழையும் சேர்த்துச் சில இலைகளில் போடுங்கள். பார்க்கிறவர் அது வேண்டுமென்றே போட்ட நிழல் என்று நினைத்துக்கொள்வார். நூல் வாங்க சௌகார்பேட்டைக்குப் போனால் போன் படத்தை நம்பிப் போகாமல் துணியையே கையில் கொண்டு போங்கள். கடை விளக்கில் பொருந்துகிற நிறம் வெயிலில் பொருந்தாது, வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செலவுப் பட்டியலில் யாரும் எழுதாதது கண்ணாடியும் விளக்கும். கழுத்து வளைகிற நல்ல மேஜை விளக்கு இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். கண்ணாடி எண்ணைச் சோதித்து எத்தனை வருடமாயிற்று என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, முடிக்கிறேன் என்று எடுத்து மறுபடி விடுகிறவர்களில் பலருக்குச் சோம்பல் காரணமில்லை, கண் வலிதான்.

சட்டம் போட்டு மாட்டுகிற படமாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடி துணியோடு ஒட்டினாற்போல் இருந்தால் பூஞ்சை வரும். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

## சுருக்கி முடிப்பது

எனக்குப் பிடித்த வழி இது. போர்வை விஷயத்தில் பெரும்பாலானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஐந்து அங்குலச் சதுரத்தில் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் மிஞ்சுவது நாலரை. ஒற்றைக் கட்டில் போர்வை ஐந்தடிக்கு ஏழரையடி, அதாவது 60க்கு 90 அங்குலம் என்றால் அகலத்தில் 13, நீளத்தில் 20, மொத்தம் 260 சதுரம் வேண்டும். பெட்டியில் எழுபது சதுரம்தான் இருக்கிறது என்று வையுங்கள். மீதி நூற்றுத் தொண்ணூறுக்கும் துணி தேடி, வெட்டி, இணைத்து, பஞ்சு வைத்து, தைத்து முடிக்க வருடக்கணக்கு ஆகும். அதே எழுபதில் நாலுக்கு நாலாகப் பதினாறு சதுரம் வைத்தால் 18 அங்குலக் குஷன் உறை ஒன்று. நாலு உறை செய்தாலும் ஆறு சதுரம் மிச்சம். அல்லது ஏழுக்குப் பத்து வைத்தால் ஏறக்குறைய இரண்டரையடிக்கு மூன்றேமுக்கால் அடியில் ஒரு குழந்தை விரிப்பு, ஒரு துண்டு கூட வீணாகாது.

இந்த வழியில் என்ன நஷ்டம் என்று கேட்டால், "பெரிய போர்வை தைத்தேன்" என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான். சென்னை வெயிலில் பாலியஸ்டர் பஞ்சு வைத்த கனத்த போர்வையை வருடத்தில் எத்தனை நாள் போர்த்துவீர்கள்? மார்கழியில் சில ராத்திரிகள். பெரிய போர்வையாகவே வேண்டும் என்றால் நடுவில் பஞ்சுக்குப் பதிலாக வேட்டியோ நைந்த பருத்திப் புடவையோ வையுங்கள், கனமும் குறையும், மழைக்காலத்தில் சீக்கிரம் காயவும் செய்யும்.

அடித்துணிதான் இதில் பலரும் மறக்கிற செலவு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்குகிற பருத்தித் துணி அகலம் வழக்கமாக 36 அல்லது 44 அங்குலம்தான். 60 அங்குலப் போர்வைக்கு அதில் இரண்டு பட்டி இணைக்க வேண்டும், ஓரத்துக்கும் சேர்த்து ஐந்து மீட்டராவது பிடிக்கும். அதற்குப் பதில் ஒரு பழைய பருத்திப் புடவையை நடுவில் வெட்டிப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால் ஏறக்குறைய 90 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கிடைக்கும். பலமுறை துவைத்த சுங்குடி என்றால் தோலில் படவே சுகமாக இருக்கும். துணி புதிதாக இருந்தால் மட்டும் தைப்பதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பழைய துணி முன்பே சுருங்கியிருக்கும், புதுத்துணி உங்கள் போர்வையில்தான் சுருங்க ஆரம்பிக்கும்.

எம்பிராய்டரிக்கும் இது பொருந்தும். டிவி கவர் மயிலில் கழுத்தும் தலையும் முடிந்து தோகை நாலு கண்ணோடு நிற்கிறதா? தோகையை அந்த நாலு கண்ணோடு வளைத்து முடித்து, சுற்றிலும் வெட்டி, கைப்பையில் ஒட்டு வேலையாக வைக்கலாம். ஒரு மூலை மட்டும் பூத்த மேஜை விரிப்பில் அந்த மூலையைத் தட்டு மூடும் துணியாக எடுக்கலாம். வெட்டும் முன் எம்பிராய்டரியின் பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள், நூல் முனைகள் பிரியாது.

வெட்டக் கை வராது என்பது உண்மைதான். ஒரு வெள்ளைத் தாளில் சதுர ஜன்னல் வெட்டித் துணிமேல் நகர்த்திப் பாருங்கள். முழுத் துணியில் அரைகுறையாகத் தெரிந்தது, ஜன்னலுக்குள் முழுமையாகத் தெரிகிற இடம் ஒன்று கிடைக்கும். கிடைத்த பிறகு கத்தரிக்கு அவ்வளவு பயம் இருக்காது.

## வேறு கையில் கொடுப்பது

இப்போது தெருவுக்கு ஒருவராவது ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி, செய்கிறார்கள். ஆகவே "அவங்ககிட்ட குடுத்தா முடிச்சுத் தரமாட்டாங்களா?" என்று கேட்பது நியாயம்தான். தருவார்கள். ஆனால் ஆரி ஊசியின் சங்கிலியும் நீங்கள் தையல் ஊசியால் போட்ட சங்கிலியும் ஒன்றுபோல் இருக்காது. ஆரியில் கண்ணி சிறிதாக, ஒரே சீராக, இறுக்கமாக விழும். பக்கத்தில் உங்கள் தையல் தளர்ந்து தெரியும். இன்னொரு சிக்கல், ஆரிக்குத் துணியைச் சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும், பழைய துணி அந்த இழுவையைத் தாங்காமல் ஓரத்தில் கிழியலாம்.

ஆரியில் நன்றாக வருவது, பூக்கள் எல்லாம் உங்கள் கையால் முடிந்து பார்டர் மட்டும் மிச்சமிருக்கிற துணி. பார்டர் முழுக்க ஒரே கையில் இருப்பதால் வித்தியாசம் அழகாகவே தெரியும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நேரத்தில் கொண்டுபோனால் கல்யாண பிளவுஸ்களுக்கு நடுவே உங்கள் துணி காத்துக்கொண்டே இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கொடுங்கள். கூலியும் பேசிப் பார்க்கலாம்.

போர்வையைத் தெரு டெய்லரிடம் கொடுப்பதாக இருந்தால் இரண்டே விஷயம். சதுரங்களை ஓவர்லாக் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று அவர் நல்ல மனதோடுதான் போடுவார், ஆனால் அந்த மெஷின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். கால் அங்குலத் தையலுக்கு விட்ட இடம் போய், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் மூலை சேராது. இரண்டாவது, முழுதாகக் கொடுக்காமல் நாலு சதுரம் மட்டும் முதலில் கொடுத்து இணைத்து வாங்கிப் பாருங்கள். மூலை கூடியிருந்தால் மீதியைக் கொடுங்கள்.

ஓரப்பட்டை, லைனிங், ஜிப் இதற்கெல்லாம் வேறு கை நல்லது. அதில் உங்களுக்கு ஆசையும் இருந்திருக்காது. பெரும்பாலான போர்வைகள் நின்றுபோவதே அந்த இடத்தில்தான்.

## பிரித்து எடுப்பது

"நூலாவது மிச்சமாகுமே" என்று இதில் இறங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். தைத்த நூல் வெட்டுப்பட்டு, சுருண்டு, பிசிறு விட்டுத்தான் வெளியே வரும். மறுபடி ஊசியில் கோக்க அது ஆகாது. மிச்சமாவது துணி, மணி, கண்ணாடித் துண்டு, சமிக்கி, பட்டையோடு இருக்கும் கண்டுகள். இவற்றில் எதுவும் அருமையான சரக்காக இல்லையென்றால் பிரிப்பதில் லாபமில்லை. அதனால்தான் பின்னி துணியோ கைத்தறித் துணியோ என்றால் பிரிக்கச் சொல்கிறேன், பாப்ளின் என்றால் வேண்டாம் என்கிறேன்.

பிரிக்கும்போது எம்பிராய்டரியைப் பின்பக்கத்திலிருந்து வெட்டி, முன்பக்கத்திலிருந்து இடுக்கியால் எடுங்கள். ஒட்டுத்துணித் தையலில் மூன்று நாலு தையலுக்கு ஒன்றை வெட்டிவிட்டு மறுபக்கத்து நூலை இழுத்தால் ஒரே இழையாகக் கழன்று வரும். பிளேடு வைத்து வேகமாக இழுப்பவர்கள் உண்டு, துணியும் சேர்ந்து கிழியும். தளர்ந்த பருத்தியில் ஊசித் துளைகள் நனைத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டிலும் நெருக்கி நெய்த துணியிலும் துளை அப்படியே நிற்கும். அந்தக் காலக் கார்பன் தாளில் எடுத்த டிரேஸ் வேறு போகாமல் மிரட்டலாம். அந்தத் தடத்தின் மேலேயே வேறு பூ போட்டு மறைப்பதுதான் வழி.

## கைமாற்றுவது

கிராஸ் ஸ்டிட்ச்சே உங்களுக்குப் பிடிக்கவில்லை, அப்போது தோழிகளோடு போட்டியில் ஆரம்பித்தது என்றால், எந்தக் கணக்கும் அதை முடிக்க வைக்காது. பக்கத்துத் தையல் வகுப்பில் கொடுத்துவிடுங்கள். புதிதாகக் கற்கிற பெண்களுக்குப் பிரிக்கவும் போடவும் துணி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நூல் எண்கள், கட்டம் போட்ட தாள், எவ்வளவு முடிந்தது என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். குறிப்பில்லாமல் கொடுத்தால் அது இன்னொரு வீட்டுப் பரணுக்குத்தான் போகும். போகியில் மட்டும் எரிக்க வேண்டாம், பாலியஸ்டர் புகையை மூச்சில் இழுப்பது யாருக்கும் நல்லதல்ல.

அம்மாவோ பாட்டியோ பாதியில் விட்ட துணி என்றால் மேலே சொன்ன எந்த அளவுகோலும் பொருந்தாது. அதை முடிப்பதையும் நான் சொல்வதில்லை. உங்கள் கை மேலே ஏறினால் எது அவர்கள் போட்டது என்று அடுத்தவருக்குத் தெரியாது. ஊசியை எடுத்துவிட்டு, துவைத்து, நின்ற இடத்திலேயே நிறுத்தி, அப்படியே சட்டம் போடலாம். ஆறுகோணத் துண்டுகளாகத் தாள் வைத்துத் தைத்த ஒட்டுத்துணி அப்படிக் கிடைத்தால், துவைக்கும் முன் பின்பக்கத்துத் தாள்களைப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், பள்ளிக்கூட நோட்டு என்று வெட்டியிருப்பார்கள். தாள் உள்ளே இருக்கும்போது நனைத்தால் அந்த மை துணியில் ஏறிவிடும். முதலில் தாள்களை உருவி, வேண்டுமானால் தனியே எடுத்து வையுங்கள்.

## ஐந்தாறு துணி சேர்ந்து கிடந்தால்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எடுத்துவைத்தால் ஒன்றும் நடக்காது. மிச்சம் மிகக் குறைவாக உள்ள ஒன்றை முதலில் முடியுங்கள். அது அழகான துணியாக இருக்க வேண்டும் என்பதில்லை, கை பழகினால் போதும். அடுத்ததாகச் சுருக்கக்கூடிய போர்வையை எடுங்கள். துணி, லைனிங் வாங்க வேண்டியிருந்தால் தீபாவளிக்கு முந்தின மாதம் எம்.சி. ரோட்டுப் பக்கம் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் நிறம் பார்க்க ஓரிடத்தில் நிற்கவே முடியாது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்குவது சுலபம். பண்டிகை இல்லாத வார நாளில் காலையிலேயே போனால் கடைக்காரரும் பொறுமையாகக் கட்பீஸ் மூட்டையைப் பிரித்துக் காட்டுவார்.

இந்த வருடம் முடிவே எடுக்க முடியாது என்கிற துணியையும் பழையபடி சுருட்டி வைக்காதீர்கள். வளையத்தைக் கழற்றி, ஊசியை எடுத்து, கஞ்சி போட்ட துணியாக இருந்தால் கஞ்சி போக அலசிக் காயவைத்து விடுங்கள். கஞ்சி வாசத்துக்கு ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வந்துவிடும். மடிக்காமல் அட்டைக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி அதன்மேல் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே ஈரம் வியர்க்கும், பழைய தலையணை உறை போதும். சமிக்கி, பிளாஸ்டிக் மணி உள்ள துணி பக்கத்தில் அந்துருண்டையும் வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள்.